கேட்டுக் கேட்டு அலுக்காதா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘சி’ பிளாக்கில் வசிக்கும் மனநல ஆலோசகர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று ஊரில் இல்லாத உறுப்பினர்கள் பலர் கேட்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாதிப் பேர் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. வரும்போது நிறுத்திக்கொள்கிறேன்.

கொட்டச்சேட்டுக்குக் குடிவந்த புதிதில் என் கதவில் ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டியிருந்தேன். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தெருவிளக்கு எரியவில்லை என்று மனுவோடு வந்தவர்கள். பிறகு ‘மனநல ஆலோசகர்’ என்று மாற்றினேன். மனு வருவது நின்றது. ஆட்கள் வருவதும் கொஞ்சம் நின்றது!

இன்றைய தலைப்பை நான் வைக்கவில்லை. இந்த வருஷம் நம் வளாகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் சைக்காலஜி படிக்கச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் அம்மா நடைப்பயிற்சியில் என்னிடம் கேட்டார்: “நாள் முழுக்க அடுத்தவங்க கஷ்டத்தையே கேட்டுக்கிட்டு இருந்தா அலுத்துப் போகாதாக்கா? ஆயுசு பூரா செய்யற வேலையா இது?” பின்னால் வந்த செயலாளர் அதையே தலைப்பாக்கிவிட்டார்.

அலுக்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அலுக்காது என்று சொன்னால் பொய். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அலுக்காது. துக்கத்தைக் கேட்பது கனமான காரியம்தான், அதில் ஆளைத் தீர்த்துவிடுகிற விஷயம் வேறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

‘பர்ன் அவுட்’ என்ற வார்த்தையை இப்போது எல்லா ஐ.டி. பிள்ளைகளும் சொல்கிறார்கள். அதை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுவந்தவர் எங்கள் தொழில்காரர்தான். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். பகலில் தன் கிளினிக், இரவில் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு. அங்கே தொண்டு செய்தவர்கள், தானும் சேர்த்து, ஒவ்வொருவராக எரிந்து அணைவதைப் பார்த்து 1974இல் எழுதினார். சோம்பேறிகளுக்கு அது வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்வமாக வந்தவர்களுக்குத்தான் வந்தது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்பவர் அதை மூன்றாகப் பிரித்தார். முதலில் உடம்பும் மனசும் தீர்ந்துபோகும். அடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் மனிதராகத் தெரியமாட்டார். கடைசியில் ‘என்னால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலை சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை.

இந்த மூன்றில் நான் பயப்படுவது இரண்டாவதற்கு. முதலாவது, நாலு நாள் தூங்கினால் தெரிந்துவிடும். இரண்டாவது வந்தது நமக்கே தெரியாது. “மூணு மணி டிப்ரஷன் வந்தாச்சா?” என்று ஒருவர் கேட்டால், அந்த அறையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். வருகிறவருக்குப் பேர் இருக்கிறது. டிப்ரஷன் பஸ் ஏறி வருவதில்லை.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ‘என்னால் ஒன்றும் ஆகவில்லை’ என்று ஓர் ஆலோசகருக்கு ஏன் தோன்றுகிறது? என்னிடம் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஆறு பேர் நாலைந்து மாதத்தில் தேறி வருவதை நிறுத்திவிடுகிறார்கள். மீதி நாலு பேர் வருஷக்கணக்கில் வருகிறார்கள். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை என் காத்திருப்பு அறையை எட்டிப் பார்த்தால் யார் இருப்பார்கள்? அந்த நாலு பேர்தான் பெரும்பாலும். தேறியவர்கள் அங்கே இல்லை, தேறியதால்தான் இல்லை. ஆனால் தினமும் அந்த அறையைப் பார்க்கிற எனக்கு, யாருமே தேறுவதில்லை என்று தோன்றும். பாட்ரீஷியா கோஹென், ஜேக்கப் கோஹென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் இதற்கு ‘மருத்துவரின் மாயை’ என்று பேர் வைத்தார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஆனால் எத்தனை நல்ல ஆலோசகர்கள் இந்தக் கணக்கைப் போடாமலேயே வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள்!

இதற்கு நம் ஊரிலேயே ஒரு மறுபக்கம் இருக்கிறது. சென்னையில் 1981 வாக்கில், மனச்சிதைவு நோய் முதல்முறையாக வந்த தொண்ணூறு பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பின்தொடர ஆரம்பித்தார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்கிறோமே, அந்த நோய். டாக்டர் ஆர். தாராவும் அவரோடு இருந்தவர்களும் இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லவில்லை, வராமல் போனவர்களையும் தேடிப் போனார்கள். போய்ப் பார்த்தால் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எல்லாரும் குணமாகவில்லை, சிலர் இறந்தும் போயிருந்தார்கள். ஆனாலும் ‘இந்த நோய் வந்தால் அவ்வளவுதான்’ என்று காத்திருப்பு அறையைப் பார்த்துச் சொல்கிற பேச்சு அங்கே நிற்கவில்லை. நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் இதைப் படித்தேன். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை படித்துக் கண் கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேஜை டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் பேர் எழுதமாட்டேன். வருவதை நிறுத்தியவர்களைப் பற்றி எப்போதாவது காதுக்கு வரும் நல்ல செய்தியை ஒரே ஒரு வரி எழுதி வைப்பேன். ‘டிரைவிங் லைசென்ஸ் வாங்கியாச்சு.’ ‘மாமியாரோடு ஒரே வீட்டில்தான், சண்டையும் உண்டு.’ இவ்வளவுதான். காத்திருப்பு அறை காட்டாத பாதியை அந்த நோட்டு காட்டும்.

ஒரு சம்பவம், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் ஏற்காடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் கணவர். என்னைப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார். எங்கள் தொழிலில், வெளியே பார்த்தால் அவர்கள் முதலில் பேசினால்தான் நாங்கள் பேசுவோம். பக்கத்தில் இருப்பவர் ‘யார் இவங்க?’ என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். அதனால் நானும் பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்னை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத வாழ்க்கை அவருக்கு அமைந்துவிட்டது. டாக்டருக்குப் பழக்கூடை வரும், வாத்தியாருக்கு ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து வரும். எங்களுக்கு இதுதான் வரும், அதை ருசிக்கப் பழக வேண்டும்.

(நடுவே ஒரு விஷயம். கேட்டருகே நான் யாருக்காவது வணக்கம் சொல்லாமல் போனால் தலைக்கனம் என்று நினைக்காதீர்கள். வணக்கம் சொன்னால், அவர் என்னிடம் வருகிறவர் என்றும் நினைக்காதீர்கள்.)

நீண்ட காலம் இந்த வேலையில் நிலைத்தவர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் டாக்டர் சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்தவர், சென்னையில் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளர். நம் வீடுகளில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கிண்டலுக்குச் சொல்கிறோமே, அந்த இடம். 1794இல் தொடங்கிய நிறுவனம். அங்கே அவர் உள்ளே இருந்தவர்களுக்கு வேலைப் பயிற்சிக்கு வழிசெய்தார், வெளியே இருந்த சமூக அமைப்புகளை உள்ளே கொண்டுவந்தார். ரிட்டையர் ஆனார். நம்மில் பலர் ரிட்டையர் ஆனதும் ஏற்காட்டில் ஃபிளாட் வாங்குவோம், தப்பில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். அவர் 1984இல், அறுபத்தொன்றாவது வயதில், ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்ம பூஷண். 2021 டிசம்பரில் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார்.

அவ்வளவு காலம் ஒருவரை எது நிறுத்தியது? தியாகம், சேவை மனப்பான்மை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. தியாகம் மட்டும் என்றால் அந்த நியூயார்க் தொண்டர்கள் ஏன் எரிந்து போனார்கள்? எனக்குத் தெரிந்தவரை, அவர் எந்த இடத்திலும் தனியாக இழுக்கவில்லை. டாக்டர், சமூகப் பணியாளர், தொழில் கற்றுத்தருபவர், குடும்பம் என்று பாரத்தைப் பிரித்தார். ஒரே இடத்தில் செய்ய முடிந்ததைச் செய்து முடித்ததும், செய்ய முடியாமல் போனதற்கு வேறு இடம் கட்டினார்.

பாரத்தைப் பிரிப்பதில் இந்தியாவுக்கு ஒரு பெருமை உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் கூட வரச் சொல்லி, வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் ஆரம்ப காலத்திலிருந்தே வீட்டார் கூடவே தங்குவார்கள். நோயாளியை நல்லபடி வைத்திருக்கும் பொறுப்பு ஒரு டாக்டரின் தலையில் மட்டும் இல்லை என்றாகிவிடுகிறது. குடும்பமும் கற்றுக்கொள்கிறது, டாக்டரும் இரவு தூங்குகிறார்.

நான் என்ன செய்கிறேன்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, என்னைவிட மூத்த ஒரு ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறேன். பேர், ஊர் சொல்லாமல், ‘இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது’, ‘இவரைப் பார்த்தால் என் தம்பி ஞாபகம் வருகிறது, அதனால் சரியாகக் கேட்க முடியவில்லை’ என்று சொல்வேன். காசு கொடுத்துத்தான் பேசுகிறேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், “நீயே காசு வாங்கிட்டுக் கேக்கற, அப்புறம் காசு குடுத்துச் சொல்றியா?” என்று. இந்தத் தொழிலில் நுழைகிற பிள்ளைகள் முதல் சம்பளத்திலேயே இதற்கு ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டும். சேலைக்கும் செல்போனுக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், சொல்லக் கனமானது. இந்த வேலையில் பல வருஷம் இருந்தால், நம்மிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி ஒருநாள் வரலாம். எனக்கும் வந்தது. அவரைப் பற்றி இங்கே எதுவும் சொல்லமாட்டேன். அதற்கடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபோது எதிரே இருந்த எல்லாரிடமும் அவரையே பார்த்தேன் என்பது மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று உண்மையாகவே யோசித்த காலம் அது.

என்னை மறுபடி உட்காரவைத்தது ஒரு ஆராய்ச்சி. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளிவந்தது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து ஊர்கள். தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிற 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் போய் ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரிப்பு. அவ்வளவுதான். முதல் பிரிவில் பதினெட்டுப் பேர் தற்கொலையால் இறந்தார்கள். மறுபிரிவில் இரண்டு பேர்.

ஒன்பது விசாரிப்பு! பெரிய மேதாவித்தனம் எதுவும் அதில் இல்லை. சென்னைப் பகுதியை முன்னின்று செய்தவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைத் தடுப்புக்காக ஸ்நேகா அமைப்பை 1986இல் சென்னையில் தொடங்கியவர். அங்கே தொண்டர்கள் கேட்கிறார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள். அவர்கள் நாற்காலியோடு நிற்கவில்லை என்பதும் எனக்குப் பிடிக்கும். பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷம் காத்திராமல் உடனே மறுதேர்வு எழுதும் வழி வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள், அது வந்தது. கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையை முயன்று பார்த்தார்கள். நம்மைச் சுற்றி எஸ்டேட்டும் தோட்டமுமாக இருக்கிறது. மருந்து டப்பா மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற வீடு இங்கேயும் உண்டு. பூட்டி வையுங்கள்.

அந்த ஆராய்ச்சி என் டயரியை மாற்றியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் அரைமணி, நெருக்கடியில் இருந்தவர்களை நான் கூப்பிட்டு விசாரிக்கிற நேரம். ‘காப்பாற்றுகிறேன்’ என்று நினைத்த நாட்களைவிட, ‘விசாரிக்கிறேன்’ என்று நினைக்கிற இந்த நாட்களில் எனக்குச் சோர்வு குறைவு.

அவசரம் என்றால் என் கதவைத் தட்ட வேண்டும் என்றில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இனி வேகமாகச் சில விஷயங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து பேர், அதற்கு மேல் பார்க்கமாட்டேன். வருமானம் குறையும், குறையட்டும். லிஃப்டில் “அஞ்சே நிமிஷம் மேடம்” என்று ஆரம்பிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் முடிகிற துக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. நேரம் குறித்து வாருங்கள், ஒழுங்காகக் கேட்கிறேன். காசு சிரமம் என்றால் அதையும் வந்து சொல்லுங்கள்.

“மலையில இருக்கீங்க, உங்களுக்கென்ன டென்ஷன்?” என்று சேலத்து நண்பர்கள் கேட்பார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியும் காலைப் பனியும் அழகுதான். ஆனால் சிக்னல் போய்ப் போய் வரும் ஆன்லைன் பேச்சில், எதிரே ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டால், மலை ஒன்றும் உதவாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பனியைப் பார்ப்பதும் ஓய்வு கிடையாது. எனக்கு ஓய்வு தருவது என் கொத்தமல்லித் தொட்டி. அது என்னிடம் எதையும் சொல்வதில்லை.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு. சைக்காலஜி பட்டம் வாங்கியதும் எல்லாம் ஒன்றாகிவிடாது. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். சேரும் முன் அதை விசாரித்துவிடுங்கள். ‘எல்லாரும் என்கிட்டதான் கஷ்டத்தைச் சொல்வாங்க, அதனால இந்தப் படிப்பு’ என்று ஒரு பிள்ளை சொன்னாள். நல்லதுதான் கண்ணு. ஆனால் உன் கஷ்டத்தை யாரிடம் சொல்வாய் என்றும் பார்த்து வைத்துக்கொள். அதற்குப் பதில் இல்லையென்றால், அந்த ஆளைத் தேடுவதுதான் முதல் செமஸ்டர் வேலை.

டீ வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்கிறார் செயலாளர்.

கேள்வி (‘ஏ’ பிளாக், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி): என் மருமகளும் பெங்களூருல இதே வேலைம்மா. சாயங்காலம் வந்தா யார்கிட்டயும் பேசமாட்டேங்குது. நாங்க ஏதாவது தப்பு செஞ்சிட்டோமான்னு என் சம்சாரத்துக்குக் கவலை.

பதில்: நீங்கள் எதுவும் செய்யவில்லை, சார். காலையிலிருந்து ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்ட காது அது, வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும். வந்ததும் அரைமணி விட்டுவிடுங்கள். “இன்னைக்கு என்ன கேஸ்?” என்று கேட்காதீர்கள், அவரால் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருப்பதும் அவருக்கு ஒரு வேலையாகிவிடும். தோசையா சப்பாத்தியா என்று கேளுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயச் சொல்லுங்கள், டிவியைக் கொஞ்சம் சத்தம் குறைத்து வையுங்கள். பேச்சு தானாக வரும், அனேகமாக ஆபீஸ் கேண்டீனைப் பற்றித்தான் இருக்கும். அதைக் கேளுங்கள்.